ஒற்றைச் சுவருக்கு வந்த நோட்டீஸ்

ஏலத்தில் வீடு எடுத்தவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் உண்டு. ஏலத்தில் எடுத்த வீட்டைக் கழற்றி, லாரியில் ஏற்றி, இருபத்தைந்து மைல் கொண்டுவந்து தன் நிலத்தில் இறக்கியவள் ரங்கநாயகி ஒருத்திதான். கொண்டுவந்தது பெரிய காரியமில்லை, அதை நிறுத்தி வைக்க அனுமதி வாங்கினாளே, அதுதான் காரியம்.

ஊர் கிணத்துக்கடவுக்குக் கிழக்கே மூன்று மைல். பேரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தப் பஞ்சாயத்து ஆபீசில் வேலை பார்த்தவர்களின் பேரன்மார் என் வீட்டு வாசலில் வந்து நின்று நியாயம் கேட்பார்கள். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

ரங்கநாயகிக்குப் பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டில் தாலி போயிற்று. அண்ணன் சென்னகேசவன் ஒரு வருஷம் தங்கை முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் படிப்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வெள்ளைச் சேலை கட்டியவளைப் பட்டணத்துக்கு அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். அப்படி விரல் வைத்தவர்கள் வீட்டு மருமகள்களுக்கும் பின்னாளில் அவள்தான் பிரசவம் பார்த்தாள்.

இருபது வருஷத்துக்கு மேலாக அரசாங்கம் காட்டிய இடத்திலெல்லாம் குடியிருந்தாள். கடைசியில் ஆழியாற்று அணை வேலைக்காக மலையடிவாரத்தில் போட்டிருந்த முகாம். அங்கே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள். மரச்சட்டங்களில் ஆஸ்பெஸ்டாஸ் பலகை அடித்துத் தொழிற்சாலையில் செய்து அனுப்பிய சுவர்கள். ஒவ்வொரு சுவர்த் துண்டிலும் சிவப்புச் சாயத்தில் நம்பர். எல்லாவற்றையும் போல்ட்டுப் போட்டு முடுக்கினால் வீடு, கழற்றினால் ஒரு லாரிச் சாமான். இரண்டு அறை, ஒரு சமையல் இடம். எந்தச் சுவர் காற்றுக்குக் கடகடவென்று ஆடும், எந்த ஜன்னல் மழைக்கு உப்பிக்கொள்ளும் என்பது எல்லாம் நாலு வருஷத்தில் அவளுக்கு அத்துப்படி.

அறுபத்திரண்டாம் வருஷம் முகாமைக் கலைத்தார்கள். ரங்கநாயகிக்குச் சொந்த ஊர்ப் பிரசவ விடுதிக்கே மாற்றல் வந்தது. ஆனால் அங்கே குடியிருப்பு கிடையாது. அண்ணன் வீட்டில் இரண்டு பையன்களுக்கும் கல்யாணமாகிவிட்டது. அவளுக்கு மிஞ்சியது பருத்தி மூட்டை அடுக்கும் அறைதான். "என்ர ஊட்ல உனக்கில்லாத எடமா கண்ணு" என்று அண்ணன் உண்மையாகவே சொன்னார். ஆனால் நாற்பத்து நாலு வயதில் மூட்டைகளுக்கு நடுவே படுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

முகாம் வீடுகளை ஏலம் விட்டபோது தன் வீட்டைத் தானே எடுத்தாள். அப்பா அவள் பேருக்கு எழுதி வைத்த எட்டு சென்ட் நிலம் தென்னந்தோப்பு ஓரத்தில் சும்மா கிடந்தது. ஏலத்தில் ஒரே ஒரு நிபந்தனை: ஆகஸ்டு பத்தாம் தேதிக்குள் வீட்டைக் கழற்றி எடுத்துப் போய்விட வேண்டும். தப்பினால் வீடு திரும்ப அரசாங்கத்துக்கு, கட்டிய பணமும் போச்சு. அது அவளுடைய இருபது வருஷச் சம்பாத்தியம்.

பஞ்சாயத்து ஆபீசில் மனுக் கொடுத்தாள். குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். சுவர் எதனால் ஆனது? மரச்சட்டமும் பலகையும். சுவரின் கனம்? இரண்டு அங்குலம். அஸ்திவார ஆழம்? அந்த இடத்தில் ஒரு கோடு.

"ஏனுங்க நர்ஸம்மா, இது ஊடுங்களா, பீரோங்களா?"

"நாலு வருசமா இதுக்குள்ளதானுங்க குடியிருக்கறேன்."

"இருந்துக்கோங்க, ஆரு வேண்டாங்கறா. எந்த ரிஜிஸ்டர்ல எழுதறதுன்னுதான் வெளங்கலீங்க. செங்கல் செவுத்துக்கு ஒரு ரிஜிஸ்டர் இருக்குதுங்க, ஓலைக் குடிசைக்கு ஒண்ணு இருக்குதுங்க. இது ரெண்டுலயும் சேராதுங்களே."

மனு நிர்வாக அதிகாரியின் மேஜைக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஆனி மாதமும் முடியப் போயிற்று. இங்கேதான் எங்கள் ஆட்களுக்கே உரிய ஒரு புத்திசாலித்தனத்தை அண்ணன் காட்டினார். ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது. ஆவணி வரைக்கும் காத்திருந்தால் கெடு போய்விடும். ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் வாசக்காலை மட்டும் நிறுத்திவிட்டால், தொடங்கிய வேலையை ஆடியில் தொடருவதில் குற்றமில்லை.

அனுமதி வரட்டும் என்று ரங்கநாயகி சொல்லிப் பார்த்தாள். அண்ணி பங்காரம்மா விடவில்லை. "காயிதம் என்னைக்கு வேணாலும் வரும் நாயகி, முகூர்த்தம் வருமா?" என்றார். 

இன்னொரு சங்கடமும் இருந்தது. இந்த வீட்டில் வாசக்கால் தனியாக இல்லை. கதவு, நிலை, பக்கத்தில் ஒரு ஜன்னல் எல்லாம் சேர்ந்து ஒரே சுவர்த் துண்டு. அதனால் முழு முன்சுவரையும் கழற்றித் தேங்காய் லாரியில் கொண்டுவந்தார்கள். முகாம் வீட்டில் சுவர் இருந்த இடத்தில் ரங்கநாயகி ஒரு படுதாவைக் கட்டிக்கொண்டாள். அணையில் பாரம் தூக்கும் வேலை பார்த்த ராமுலு மேஸ்திரி, இரண்டு கட்டைகள் மேல் அந்தச் சுவரை நிறுத்தி, கயிறு போட்டுத் தென்னை மரங்களில் இழுத்துக் கட்டினார். பங்காரம்மாவும் இன்னும் இரண்டு சுமங்கலிகளும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, குத்துவிளக்கு ஏற்றிக் கும்பிட்டார்கள். வீட்டுக்காரி கிணற்றடியில் தள்ளி நின்று பார்த்தாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. அவளே போய் நின்றுகொண்டாள். இருபத்தாறு வருஷப் பழக்கம்.

ஆக, வெட்டவெளியில் ஒரு சுவர் நின்றது. முன்னால் பார்த்தால் கதவும் ஜன்னலுமாக லட்சணமான வீடு, பின்னால் போனால் ஆகாசம். மாடு மேய்ப்பவர்கள் வேண்டுமென்றே கதவைத் திறந்து அந்தப் பக்கம் போய்விட்டு வந்தார்கள்.

நாலாம் நாள் அந்த வழியாக ஜீப்பில் போன நிர்வாக அதிகாரி இதைப் பார்த்தார். வண்டியை நிறுத்தி இறங்கி, சுவரைச் சுற்றி வந்தார். மறுநாளே நோட்டீஸ் தயாராயிற்று: அனுமதியில்லாமல் தொடங்கிய கட்டடத்தை ஏழு நாளில் அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் பஞ்சாயத்தே அகற்றும். மனுவும் தள்ளுபடியாகும்.

நோட்டீஸைக் கொண்டுவந்தவர் ஓவர்சீயர் அங்கப்பன். ஐம்பது வயது, ஒல்லி, கறாரான மனிதர். சைக்கிள் கம்பியில் அளவு நாடா, கைப்பிடியில் ஒரு கூஜா. எந்த ஊருக்குப் போனாலும் குடிக்கிற தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோவார். சென்னகேசவன் மோர் கொண்டுவரச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாமுங்க. மனு முடியற வரைக்கும் உங்க ஊட்டுப் பச்சத்தண்ணிகூட எனக்கு ஆகாதுங்க."

நோட்டீஸ் ஒட்ட வேறு இடமில்லாததால் அந்தக் கதவிலேயே, மாவிலைக்குக் கீழே, கோணாமல் ஒட்டிவிட்டுப் போனார்.

செய்தி முகாமுக்குப் போனதும் ரங்கநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. சுவரைப் பிரித்தால் கும்பிட்ட வாசக்காலைப் பிடுங்கியதாகும், அண்ணன் வீட்டில் யாரும் ஒப்ப மாட்டார்கள். பிரிக்காவிட்டால் மனு போகும், மனு போனால் வீடு போகும். ஆடிக் காற்று படுதாவைத் தூக்கித் தூக்கி அடித்தது. சாமான்களின் மேல் சாரல் விழுந்தது. நான் ஆசைப்பட்டிருக்கவே கூடாது, என் ராசிக்கு எது விளங்கியிருக்கிறது என்று நினைத்தாள். கால் முந்தி வரும் குழந்தையைக்கூட நிதானமாக எடுத்துப் போடுகிறவள், அன்றைக்குப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

ஏழாம் நாள் லீவு போட்டுவிட்டுப் பொள்ளாச்சி பஸ் பிடித்து வந்தாள். அங்கப்பன் இரண்டு வேலைக்காரர்களோடு வந்திருந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்றைக்கு மட்டும் ஓய்ந்திருக்குமா? சுவர் கயிற்றை இழுத்துக்கொண்டு முனகியது. வேலைக்காரர்கள் கிட்டே போனார்கள், செருப்பைக் கழற்றினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், திரும்பி வந்துவிட்டார்கள்.

"என்னடா, கை வைங்க."

"நாங்க மாட்டமுங்க. வெளக்கு வெச்சுக் கும்புட்ட வாசக்காலுங்க. புள்ளகுட்டிக்காரங்க நாங்க."

அங்கப்பன் அவர்களை வற்புறுத்தவில்லை. தானும் கை வைக்கவில்லை.  சுவரைச் சுற்றி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் முழங்கால் போட்டு, சுவருக்கு அடியில் எட்டிப் பார்த்தார். கட்டைகளைத் தட்டிப் பார்த்தார். ராமுலு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"குழி கிழி தோண்டினீங்களா?"

"லேதண்டி... இல்லீங்க."

"சிமிட்டி, சுண்ணாம்பு?"

"ஒரு கரண்டிகூட இல்லீங்க. கட்டை மேல நிக்குது, கவுறு புடிச்சிருக்குது. அவ்வளவுதானுங்க."

சைக்கிள் சீட்டில் காகிதத்தை வைத்து அங்கப்பன் எழுதினார். எழுதியதை ரங்கநாயகிக்கு வாசித்தும் காட்டினார். மேற்படி நிலத்தில் மண் தோண்டப்படவில்லை. செங்கல், சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் உபயோகிக்கப்படவில்லை. கதவு ஜன்னலோடு கூடிய மரச்சட்டம் ஒன்று இரண்டு கட்டைகளின் மேல் வைக்கப்பட்டு, காற்றில் சாயாதிருக்க நான்கு கயிறுகளால் பிணைக்கப்பட்டுள்ளது. இதைக் கட்டடம் என்று கருத இடமில்லை. இது நிலத்தில் இறக்கி வைத்திருக்கும் சாமான்.

"பொய்யொண்ணும் இல்லீங்களே?" என்று அவளைக் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள். 

ஆபீசில் நடந்ததைக் குமாஸ்தா பின்னால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். ரிப்போர்ட்டைப் படித்த அதிகாரி, "சாமானுக்கு எதுக்கய்யா மாவிலைத் தோரணம்?" என்று கேட்டாராம். "ஆயுதபூசைக்குப் பம்புசெட்டுக்கும்தானுங்க தோரணங் கட்டறம். அதை ஆரும் கட்டடம்னு சொல்றதில்லீங்களே" என்றாராம் அங்கப்பன். அதிகாரி நோட்டீஸை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். அவரும் கல்நெஞ்சக்காரர் இல்லை. சட்டப் புத்தகத்தில் இல்லாத வீட்டைப் பார்த்துப் பயந்துபோனார், அவ்வளவுதான்.

அங்கப்பன் அதோடு விடவில்லை. அடுத்த வாரம் வந்து, மனு எங்கே இடிக்கிறது என்பதை ரங்கநாயகியை நிற்க வைத்துச் சொன்னார்.

"அஸ்திவாரங்கற எடத்துல கோடு போட்டா ஆருமே கையெழுத்துப் போடமாட்டாங்க அம்மிணி. ரெண்டடிக்குக் கல்லுக்கட்டு மேடை ஒண்ணு பிளான்ல காட்டுங்க. மேடை கல்லு, அதுமேல இருக்கறது உங்க ஊடு. அப்ப அது செங்கல் செவுத்து ரிஜிஸ்டருக்கு வந்துபோடும். கக்கூசு கெணத்துல இருந்து தள்ளி இருக்கோணும். ரோட்டுல இருந்து பத்தடி உடுங்க. பிளான் நான் போட்டுத் தரக்கூடாதுங்க, லைசென்ஸ்காரருகிட்டப் போங்க."

அவள் அப்படியே செய்தாள். ஆகஸ்டு முதல் தேதி அனுமதி வந்தது. தேதியிட்டு முத்திரை குத்திய காகிதத்தை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்துக் குமாஸ்தாவே எழுந்து நின்றுவிட்டாராம். பின்பக்கத்தில் இங்கிலீஷில் பன்னிரண்டு நிபந்தனைகள் அச்சாகியிருந்தன. ஆஸ்பத்திரியில் கற்ற இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். பஸ்ஸில் படித்தாள், வேலைக்கு நடுவே படித்தாள். இனி ஒரு தப்பும் நடக்கக் கூடாது. மூன்று நாளில் பன்னிரண்டும் மனப்பாடமாகிவிட்டது.

அதில் ஒன்று, வேலையை மூன்று கட்டமாக ஓவர்சீயரிடம் காட்ட வேண்டும் என்பது. மேடை முடிந்ததும் ஒரு தடவை, சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்ததும் ஒரு தடவை, கூரை போட்டதும் ஒரு தடவை. ஒரு கட்டம் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த கட்டம். மற்றவர்கள் வீட்டுக்கு இதற்கு ஆறு மாதம் ஆகும். கல் மேடை ஐந்து நாளில் எழும்பியது. எட்டாம் தேதி முகாமில் வீட்டைக் கழற்றினார்கள். ஒன்பதாம் தேதி காலையில் லாரி வந்து நின்றபோது அங்கப்பனும் வந்து நின்றார்.

மேடையை அளந்து கையெழுத்துப் போட்டார். திரும்பி சைக்கிளில் ஏறப் போனவரை ராமுலு மேஸ்திரி கூப்பிட்டு, "அய்யா, மத்தியானத்துக்குள்ள ஜன்னல் மட்டம் வந்துருமுங்க" என்றார். அங்கப்பன் நம்பவில்லை. சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தென்னை மரத்தடியில் உட்கார்ந்தார். கும்பிட்ட முன்சுவரைச் சாய்க்காமல் தூக்கி மேடைமேல் வைத்தார்கள், அதையொட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்படி சுவர்கள் எழுந்தன. உச்சி வெயிலில் இரண்டாவது கையெழுத்து. தான் கட்டிக்கொண்டு வந்த சோற்றைத் தின்று, கூஜாத் தண்ணீரைக் குடித்தார். வெயில் தாழ்வதற்குள் கூரைத் தகடும் ஏறிவிட்டது. மூன்றாவது கையெழுத்தைப் போட்டுவிட்டு, "முப்பது வருச சர்வீசுல ஒரே நாள்ல மூணையும் போட்டது இதுதானுங்க" என்று சொன்னபோது அந்த மனிதர் முதல்முறையாகச் சிரித்ததை ரங்கநாயகி பார்த்தாள். கெடுவுக்கு ஒரு நாள் மிச்சம்.

ஆடியில் பால் காய்ச்ச முடியாது. ஆவணி பிறக்கும் வரை அண்ணன் வீட்டில் மூட்டைகளுக்கு நடுவே சந்தோஷமாகவே படுத்திருந்தாள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். பங்காரம்மா பட்டுச்சேலையில் பால் சொம்போடு வாசலில் நின்றார், இரண்டு பக்கமும் சுமங்கலிகள். ரங்கநாயகி வழக்கம்போலக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். அங்கிருந்தே தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசில் குறை ஒன்றும் இல்லை என்றுதான் பின்னாளில் சொன்னாள். அது பொய் என்று நான் நினைக்கிறேன்.

குடியேறலாம் என்கிற சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு அங்கப்பன் அப்போதுதான் வந்தார். வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். கிணற்றடியைப் பார்த்தார். சைக்கிளை நிறுத்தினார்.

"இருங்க, இருங்க. அனுமதி ஆரு பேர்லீங்க?"

"நம்ம நாயகி பேர்லதானுங்க" என்றார் சென்னகேசவன்.

"அப்ப அவங்கதானுங்க மொதல்ல உள்ள போகோணும். மனுதாரரே போயி, மனுதாரர் கையாலயே அடுப்புப் பத்த வெச்சு, பொகை சரியா வெளிய போகுதான்னு எனக்குக் காட்டோணும். அதுக்கப்பறந்தான் சர்ட்டிபிகேட்டு. ரூல்ஸுங்க."

 பங்காரம்மா தயங்கித் தயங்கி, "அவ பக்கத்துல நிக்கட்டுமுங்க, பாலை நான் காச்சிப்போடறேனே" என்றார்.

"ஆகாதுங்க. வேற கை பட்டா நான் எழுத முடியாதுங்க. மொதல்ல இருந்து மறுபடி மனுப் போடோணும்."

மறுபடி மனு என்ற சொல்லைக் கேட்டதும் சென்னகேசவன் பதறிப்போனார். "அய்யோ, வேண்டாமுங்க சாமி! கண்ணு, நீயே வா. வா, சீக்கரம் வா" என்று ஓடிப்போய்த் தங்கையின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பங்காரம்மா சொம்பை அவள் கையில் கொடுத்தார். எத்தனையோ ஊர்க் குழந்தைகளை முதலில் வாங்கிய கைகள் அவை. அன்றைக்கு ஒரு சொம்புப் பாலை இறுகப் பிடித்துக்கொண்டன. வலது காலை எடுத்து வைத்து ரங்கநாயகி உள்ளே போனாள். பால் பொங்கியது. புகை நன்றாகவே வெளியே போயிற்று.

அங்கப்பன் கையெழுத்துப் போட்டு சர்ட்டிபிகேட்டைக் கொடுத்தார். அவள் ஒரு டம்ளர் பாலை நீட்டினாள். "இப்ப மனு முடிஞ்சுதுங்க, குடிக்கலாம்" என்று வாங்கிக் குடித்தார்.  எதிரே நின்றவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அண்ணியும் நாத்தனாரும் மட்டும் பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தார்கள். பங்காரம்மா கேட்டார்:

"ஏன் நாயகி, மனுதாரர்தான் பால் காச்சோணும்னு அந்தக் காயிதத்துல போட்டிருக்குதா?"

பன்னிரண்டையும் வரி வரியாகச் சொல்லக் கூடியவள் பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஆமாங்க அண்ணி. பின்னால இருக்குதுங்க. இங்கிலீசுல."

பங்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் உன்ர கையில குடுக்கோணும்னுதான் ஆசை நாயகி. ஊரு வாய்க்குப் பயந்துக்கிட்டு இருந்துட்டேன். எந்த மவராசன் அந்தச் சட்டத்தை எழுதி வெச்சானோ, அவன் நல்லா இருக்கோணும்."

"நல்லா இருக்கோணுமுங்க அண்ணி" என்றாள் ரங்கநாயகி.